வேலியோரத்து ஊர் மன்றம்

சிகாகோவுக்குச் செல்லும் பயணியின் பெட்டியில் கட்டப்படும் சீட்டில் ஓ, ஆர், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். நகரின் பெயரிலிருந்து அவை பிறக்கவில்லை. விமான நிலையத்திற்கு இன்று வழங்கும் ஓஹேர் என்ற பெயரிலிருந்தும் பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் அவ்விடத்தில் இருந்த 'ஆர்ச்சர்ட் பிளேஸ்' என்ற சிற்றூரின் பெயர்தான் அவ்வெழுத்துகளில் எஞ்சி நிற்கிறது. ஆர்ச்சர்ட் என்றால் பழத்தோட்டம். தோட்டமும் இன்றில்லை, ஊரும் இல்லை. பெயர் மட்டும் பெட்டிகளின் கழுத்தில் தொங்கியபடி உலகைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஊர்ப்பெயர்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் நாம் இதை வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள், அடுத்த ஊர்ப்பெயருக்குப் போய்விடுவோம். ஓர் ஆண்டு, கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த ஊர்க்காரங்ககிட்ட யாராவது கேட்டாங்களா ஐயா?" என்றாள். நம்மிடம் விடை இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய், ஆர்ச்சர்ட் பிளேஸைத் தாண்டி, அதன் மேற்கு வேலியோரத்தில் இருக்கும் பென்சன்வில் என்னும் ஊரின் வரலாற்றுக்குள் சென்று சேர்ந்தோம். அங்கே கேட்டார்கள், ஊர் மன்றம் 'இல்லை' என்று சொல்லவும் செய்தது. அந்த 'இல்லை' என்னவாயிற்று என்பதே இக்கட்டுரை.

முதலில் விமான நிலையத்தின் பிறப்பு. 1942-இல் அமெரிக்க அரசு அவ்விடத்தைப் போர்த் தேவைக்காகத் தேர்ந்துகொண்டது. டக்ளஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே எழுந்தது. சி-54 என்னும் நான்கு எந்திரச் சரக்கு விமானங்கள் போர்க்காலத்தில் அங்கே கட்டப்பட்டன. போர் முடிந்ததும் இடம் சிகாகோ நகரத்தின் கைக்கு வந்தது. 1949-இல் கடற்படை விமானியான எட்வர்டு ஓஹேரின் பெயர் சூட்டப்பட்டது. 1942-இல் பசிபிக் கடலின்மேல் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைத் தனியொருவராக எதிர்கொண்டு பெயர் பெற்றவர் அவர். அடுத்த ஆண்டே போரில் மாண்டார். அவருடைய தந்தை, அல் கபோன் என்ற பெயர்பெற்ற கொள்ளைக் கூட்டத் தலைவனுக்குத் தொழில் பார்த்த வழக்கறிஞர். 1939-இல் சிகாகோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தையும் மகனும் தனியே ஒரு நாவலுக்கு உரியவர்கள். அவர்களை இங்கேயே விட்டுச் செல்கிறோம்.

நமக்கு வேண்டியது நிலப்படம். ஓஹேர், சிகாகோ நகர எல்லைக்குள் இருக்கவில்லை. இடையே வேறு ஊர்கள் இருந்தன. தனக்குச் சொந்தமான விமான நிலையம் தன் எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று விரும்பிய சிகாகோ, 1956-இல் ஒரு சாலையின் அகலமே கொண்ட மெல்லிய நிலப்பட்டையைத் தன்னோடு இணைத்து, அதன் வழியே விமான நிலையத்தையும் நகரின் பகுதியாக்கிக்கொண்டது. பின்னர் வழக்கு வந்தது. பட்டை வேறொரு சாலைக்கு மாற்றப்பட்டது. இன்றும் சிகாகோவின் வரைபடத்தைப் பார்ப்பவர்கள், நகரின் வடமேற்கு மூலையில் காற்றாடியின் வால் போன்ற ஓர் இழையையும், அந்த இழையின் முனையில் காற்றாடியாக விமான நிலையத்தையும் காணலாம். காற்றாடியின் நூலைப் பிடித்திருப்பது சிகாகோ. அதன் நிழல் விழுவதோ அக்கம்பக்கத்து ஊர்களின்மேல்.

நூலைப் பிடித்திருப்பவர் யார், நிழலில் இருப்பவர் யார் என்ற இந்த வேறுபாட்டை வாசகர் நினைவில் வைக்கவேண்டும். பின்னால் வரும் அத்தனை வழக்குகளும் இதைச் சுற்றியே சுழல்கின்றன.

பென்சன்வில், 1884-இல் முறையாக அமைக்கப்பட்ட ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியிலிருந்து வந்த குடியானவர்கள் அந்தப் பகுதியில் நிலம் திருத்திக் குடியேறினர். 2000-ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை இருபதாயிரத்தைச் சற்றே தாண்டியது. அதற்குள் ஜெர்மானியப் பேரப்பிள்ளைகளோடு மெக்சிகோவிலிருந்தும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த உழைப்பாளர் குடும்பங்களும் பெருமளவில் குடியேறியிருந்தன. இல்லினாய் மாநிலச் சட்டப்படி அது 'கிராமம்'. தலைவர் ஒருவர், உறுப்பினர் அறுவர். அவ்வளவே அதன் ஆட்சிமன்றம். எதிரே நிற்பதோ ஐம்பது வார்டுகளும் மேயரும் கொண்ட சிகாகோ நகர மன்றம்.

1960-களில் ஜெட் விமானங்கள் பெருகின. ஓஹேர் உலகின் மிக நெரிசலான விமான நிலையம் என்று பெயரெடுத்தது. அப்பெயரைப் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. சுற்றிலுமிருந்த ஊர்கள் 1981-இல் 'புறநகர் ஓஹேர் ஆணையம்' என்ற பெயரில் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கிக்கொண்டன. பென்சன்வில்லும் அதன் வடக்கேயுள்ள எல்க் குரோவ் வில்லேஜும் அதன் முதுகெலும்பு. புதிய ஓடுபாதை கூடாது என்பதே அதன் ஒரே மந்திரம். சிகாகோ சும்மா இருக்கவில்லை. 1996-இல் 'ஒலி ஒத்திசைவு ஆணையம்' என்று தானும் ஒன்றைத் தொடங்கி அண்டை ஊர்களை அழைத்தது. அதன் வழியே பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் ஒலி புகாத சன்னல்கள் கிடைத்தன. வகுப்பறையில் மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை பேச்சை நிறுத்தவேண்டிய ஆசிரியருக்கு ஒலி புகாத சன்னல் எளிய பொருளன்று; அதே தொழிலில் இருக்கும் நாம் அவ்வூர்களைக் குறை சொல்லத் துணியோம். ஒவ்வோர் ஊராக எதிர்ப்பணியிலிருந்து விலகிச் சன்னல் பக்கம் சென்றது.

ஓர் ஊர் மன்றம் தன் தலைக்குமேல் பறக்கும் விமானத்தை ஏன் நேரடியாகத் தடுக்கக் கூடாது என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூன்று தீர்ப்புகளில் விடை சொல்லியிருக்கிறது. மூன்றையும் எழுதியவர் வில்லியம் டக்ளஸ் என்ற ஒரே நீதிபதி.

முதல் தீர்ப்பு 1946-இல். வட கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணை. போர்க்காலத்தில் பக்கத்து விமானத்தளத்தில் படை விமானங்கள் இறங்கத் தொடங்கின. தாழப் பறந்த விமானங்களின் இரைச்சலுக்கு அஞ்சிய கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஏறத்தாழ நூற்றைம்பது கோழிகள் அவ்வாறு இறந்ததாக வழக்கில் பதிவாகியுள்ளது. நிலத்துக்கு உரியவன் அதன்மேலுள்ள வானத்துக்கும் எல்லையின்றி உரியவன் என்பது பழைய சட்டக் கோட்பாடு. விமான யுகத்தில் அதற்கு இடமில்லை என்றார் டக்ளஸ். ஆனாலும் நிலத்தைப் பயன்படுத்தவே முடியாத அளவுக்குத் தாழ்ந்து, அடிக்கடி பறந்தால் அது நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், ஈடு தரவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். 1962-இல் வந்த இரண்டாம் தீர்ப்பு, அந்த ஈட்டை விமான நிறுவனமோ நடுவண் அரசோ அன்று, விமான நிலையத்தின் உரிமையாளரே தரவேண்டும் என்றது.

மூன்றாவது 1973-இல் வந்தது. கலிபோர்னியாவின் பர்பாங்க் நகர மன்றம், இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை ஜெட் விமானங்கள் புறப்படக் கூடாது என்று ஊர்ச் சட்டம் இயற்றியிருந்தது. விமான நிலையம் லாக்ஹீட் நிறுவனத்துக்குச் சொந்தம். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அச்சட்டம் செல்லாது என்று முடிவாயிற்று. வானமும் அதன் ஒலியும் நடுவண் அரசின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஊருக்கு ஊர் ஒரு சட்டம் போட்டால் விமானங்கள் எங்ஙனம் பறக்கும் என்பது வாதம். உரிமையாளராக இருக்கும் நகரம் என்ன செய்யலாம் என்பதை மட்டும் அத்தீர்ப்பு தீர்க்காமல் விட்டது. சுருக்கமாகச் சொன்னால், விமான நிலையத்தைச் சொந்தமாக வைத்திருந்தால் அதைப் பற்றி உனக்கு ஏதோ பேச்சுரிமை இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கவேண்டியதுதான்.

ஆகவே பென்சன்வில் மன்றத்தின் 'இல்லை'க்கு ஒலியை வைத்து எடை சேர்க்க முடியாது. மன்றத்திடம் மிஞ்சியது நிலம். நிலத்தின் மேலே வீடுகள் இருந்தன. கீழே இறந்தோர் இருந்தனர்.

2001-ஆம் ஆண்டின் நடுவில் சிகாகோ மேயர் ரிச்சர்டு டேலி 660 கோடி டாலர் மதிப்பீட்டில் ஒரு திட்டத்தை வெளியிட்டார். அதன் அடிப்படைக் கருத்தில் பிழை காண்பது எளிதன்று. ஓஹேரின் ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. ஒன்றில் விமானம் ஓடினால் மற்றொன்றில் காத்திருக்கவேண்டும்; மழையோ மேகமோ வந்தால் நாடு முழுவதும் பயண நேரங்கள் குலைந்தன. நெருக்கடி முற்றி, 2004-இல் ஓஹேருக்கு வரும் விமானங்களின் எண்ணிக்கைக்கே நடுவண் விமானப் போக்குவரத்து நிர்வாகம் வரம்பு விதிக்க நேர்ந்தது. குறுக்கு நெடுக்காகக் கிடந்த பாதைகளைக் கிழக்கு மேற்காக இணைகோடுகளாக மாற்றுவதே திட்டம். கோடுகள் காகிதத்தில் அழகாக இருந்தன. மேற்கு முனையில் மட்டும் அவை வேலியைத் தாண்டி நீண்டன. சிகாகோவுக்கு வெளியே நானூறு ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்பட்டது. பென்சன்வில்லில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளும், அவற்றையொட்டிய கடைகளும், விமான நிலையத்தின் விளிம்பிலேயே இருந்த இரண்டு பழைய இடுகாடுகளும் அந்தக் கோடுகளுக்குள் அகப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மாநில ஆளுநர் ஜார்ஜ் ரயன் மேயரோடு உடன்பாடு கண்டார்.

பென்சன்வில்லின் தலைவர் ஜான் கைல்ஸ். 1985 முதல் அப்பதவியில் இருந்தவர். அவரும் எல்க் குரோவும் சேர்ந்து நீதிமன்றம் சென்றனர். மாநிலச் சட்டத்தில் அவர்களுக்கு உதவும் விதி ஒன்று இருந்தது: விமான நிலையத்தை விரிவாக்க நிலம் வாங்குமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதற் சான்று பெறவேண்டும். சிகாகோ அதைப் பெறாமலேயே வீடுகளை வாங்க முனைந்திருந்தது. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஊர்களின் பக்கமே தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தோரில் முதற்பெயர் மாநில மேலவையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பிலிப்புடையது. அவருடைய ஊரான உட் டேல் பென்சன்வில்லுக்கு அடுத்தது. அவர் மேலவைத் தலைவராக இருந்தவரை, ஓஹேருக்குச் சாதகமான மாநிலச் சட்டம் அவரைத் தாண்டிச் செல்வது கடினம்.

இங்கேதான் வரலாறு ஒரு விளையாட்டு விளையாடியது. இல்லினாய் அரசியலமைப்பில் விந்தையான விதி ஒன்று உண்டு. தொகுதி எல்லைகளை வகுக்கும் குழுவில் இரு கட்சிகளும் சமமாக முட்டிக்கொண்டால், ஒன்பதாவது உறுப்பினரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கவேண்டும். 2001 செப்டம்பரில் அப்படிச் சீட்டு எடுக்கப்பட்டது. வந்த பெயர் மைக்கேல் பிலாண்டிக். 1970-களில் சிகாகோவின் மேயராக இருந்தவர், ஜனநாயகக் கட்சிக்காரர். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடம் நடத்தும் நமக்குக் குடவோலை நினைவுக்கு வராமல் இருக்குமா? அங்கே ஓலை எடுத்தது ஊர் வாரியத்துக்கு ஆள் தேர. இங்கே எடுத்த சீட்டு, மாநிலத்தின் தொகுதிப் படத்தையே ஒரு கட்சியின் கையில் கொடுத்தது. அப்படத்தின்படி 2002 நவம்பரில் நடந்த தேர்தலில் பிலிப்பின் கட்சி மேலவையை இழந்தது. அடுத்த ஆண்டே 'ஓஹேர் நவீனமயமாக்கல் சட்டம்' நிறைவேறியது. ஒப்புதற் சான்று தேவையில்லை. நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தையும் சிகாகோ கட்டாயமாக எடுக்கலாம். ஊர்கள் வென்ற வழக்கு ஒரே ஆண்டில் பொருளற்றதாயிற்று. 2003 ஆகஸ்டில் அதற்குக் கையொப்பமிட்டவர் புதிய ஆளுநர் ராட் பிளகோயெவிச். அவரும் முந்தைய ஆளுநர் ரயனும் பின்னாளில் வெவ்வேறு ஊழல் வழக்குகளில் சிறை சென்றனர். அவ்வழக்குகளுக்கும் ஓஹேருக்கும் தொடர்பில்லை. எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அச்சட்டத்தில் இன்னொரு சிறு பிரிவு இருந்தது. அதை விளக்க இடுகாட்டுக்குச் செல்லவேண்டும்.

புனித யோவான் இடுகாடு 1849-இல் ஜெர்மானியக் குடியேறிகளின் திருச்சபை ஏற்படுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருந்தனர். பழைய கற்களில் ஜெர்மன் மொழியில் பெயர்களைப் பொறித்திருந்தார்கள். விமான நிலையம் வளர வளர, இடுகாடு மூன்று பக்கமும் சூழப்பட்டு, நீருக்குள் நீட்டிய நிலம்போல் ஆகிவிட்டது. இறந்தோரை அடக்கம் செய்த இடத்தில் கல் நடும் மரபும் தாழியில் இட்டுப் புதைக்கும் மரபும் நம் இலக்கியத்திலேயே பேசப்படுவன. இடுகாட்டைப் பெயர்ப்பது என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அத்திருச்சபை முன்வைத்த வாதம் உணர்ச்சி சார்ந்ததன்று, நம்பிக்கை சார்ந்தது. உயிர்த்தெழும் நாளில் கிறிஸ்து எழுப்பும்வரை அவ்வுடல்களை யாரும் அசைக்கக் கூடாது என்பது தங்கள் சமயக் கோட்பாடு என்றனர்.

சமயச் சுதந்திரத்தைக் காக்க அமெரிக்காவில் இரு சட்டங்கள் இருந்தன. 1993-இல் நடுவண் அரசு இயற்றியது ஒன்று; 1998-இல் இல்லினாய் மாநிலம் இயற்றியது மற்றொன்று. அரசு ஒருவருடைய சமய ஒழுக்கத்தின்மீது பெருஞ்சுமை ஏற்றினால், அதற்கு வேறு வழியே இல்லை என்று நிறுவவேண்டும் என்பதே இரண்டின் சாரம். நடுவண் சட்டம் மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது. ஆகவே திருச்சபையும் ஊர்களும் நடுவண் சட்டத்தைக் கொண்டு, திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2006-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அவ்வழக்கைத் தள்ளியது. திட்டத்தை வகுத்தது சிகாகோ, செயற்படுத்துவது சிகாகோ. நிர்வாகம் ஒப்புதல் அளித்ததோடு சரி. சுமை ஏற்றியது நடுவண் அரசு அன்று என்பது பெரும்பான்மையோரின் வாதம்.

அப்படியானால் சிகாகோவின்மீது மாநிலச் சட்டத்தைக் கொண்டு தொடுக்கலாமே? அதற்குத்தான் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தச் சிறு பிரிவு. ஓஹேருக்காக இடுகாடுகளையோ அவற்றிலுள்ள கல்லறைகளையோ இடம் மாற்றும் சிகாகோவின் அதிகாரத்தை மாநிலச் சமயச் சுதந்திரச் சட்டம் எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது என்று, சமயச் சுதந்திரச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விலக்கு எழுதிச் சேர்த்திருந்தார்கள். ஒரு மாநிலம் முழுமைக்குமான உரிமையில், ஓரிடத்துக்கு மட்டும், ஒரு நகரத்துக்காக மட்டும் செய்யப்பட்ட விலக்கு. இது சமயப் பகைமையால் செய்யப்பட்டதன்று, போக்குவரத்துக்காகச் செய்யப்பட்டது என்று 2007-இல் சிகாகோவிலிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அங்கும் நீதிபதி ஒருவர் மாறுபட்டார். பகைமை இல்லை என்பதை நாமும் நம்புகிறோம். பகைமை இருந்திருந்தால் ஒருவேளை இறந்தோருக்கு நல்லதாக இருந்திருக்கும். சட்டம் அவர்களுக்குத் துணை நின்றிருக்கும்.

வீடுகளின் கதை வேறு விதம். 2005 செப்டம்பர் 30 அன்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதன்பின் சிகாகோ ஒவ்வொன்றாக வீடுகளை விலைக்கு வாங்கியது. பலர் விற்றனர், விலை குறைவு என்று எல்லோரும் சொல்லவில்லை. வாடகைக்கு இருந்தோர் பெயர்ந்தனர். வாங்கிய வீடுகளை இடிக்கக் கூடாது, இடிக்கும்போது எழும் தூசியில் நச்சு இருக்கும் என்று பென்சன்வில் மன்றம் நீதிமன்றத்தில் நின்றது. இடிப்பு தடைப்பட்டது. ஆளில்லாத வீடுகள் பலகை அடித்தபடி ஆண்டுக்கணக்கில் நின்றன. அவற்றுக்கிடையே விற்காதவர்கள் சிலர் விளக்கேற்றி வாழ்ந்தனர். மன்றத்தின் 'இல்லை' அப்போது தெருக்கணக்கில் காலி வீடுகளாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் காட்சிக்கு யார் பொறுப்பு என்று நாம் பலமுறை யோசித்திருக்கிறோம். வெறிச்சோடச் செய்தது சிகாகோ. வெறிச்சோடியதை அப்படியே நிற்க வைத்தது பென்சன்வில். எதிர்ப்பு எந்தப் புள்ளியில் ஊரைக் காப்பதிலிருந்து ஊரைக் காயப்போடுவதாக மாறுகிறது என்பதைத் தேதியிட்டுச் சொல்ல நம்மால் இயலவில்லை. வழக்கறிஞர்களுக்கு ஊர்ப் பணம் கோடிக்கணக்கில் சென்றுகொண்டிருந்தது என்பது மட்டும் உறுதி.

2009 ஏப்ரலில் ஊர்த் தேர்தல். இருபத்து நான்கு ஆண்டுகள் தலைவராக இருந்த கைல்ஸ் தோற்றார். ஃபிராங்க் சோட்டோ வென்றார். நவம்பரில் புதிய மன்றம் சிகாகோவோடு உடன்பாடு செய்துகொண்டது: வழக்குகளைக் கைவிடுவது, ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர் பெற்றுக்கொள்வது. அடுத்த ஆண்டு இடிப்பு எந்திரங்கள் வந்தன.

இதை 'ஊர் விலைபோயிற்று' என்று எழுதுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. 'இல்லை' என்று சொல்ல வைத்ததும் வாக்குச்சீட்டு. 'போதும்' என்று சொல்ல வைத்ததும் அதே வாக்குச்சீட்டு. ஒன்றை மட்டும் மக்களின் குரல் என்றும் மற்றதைச் சோர்வு என்றும் பிரிக்க நாம் யார்? ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த வாக்கைப் போட்டவர்களுள் திட்ட நிலத்தில் குடியிருந்த ஐந்நூறு வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் இல்லை. அவர்கள் அதற்குள் வேறு ஊர்களின் வாக்காளர்களாகிவிட்டிருந்தனர்.

திருச்சபை இன்னும் சிறிது காலம் போராடியது. 2011 தொடக்கத்தில் அதுவும் வழக்கைக் கைவிட்டது. கல்லறைகள் திறக்கப்பட்டு, உறவினர் விரும்பிய வேறு இடுகாடுகளுக்கு எச்சங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. நூற்றறுபது ஆண்டுகள் அருகருகே கிடந்த குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களின் மண்ணுக்குச் சென்றன. 2013 அக்டோபரில் அவ்விடத்தின்மீது 10,800 அடி நீள ஓடுபாதை திறக்கப்பட்டது. 2020-இல் ஆறாவது இணை ஓடுபாதையும் திறக்கப்பட்டு, 2001-இல் காகிதத்தில் வரைந்த கோடுகள் தரையில் நிறைவுற்றன.

இனி, வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் பகுதி. 2013-இல் பாதைகள் கிழக்கு மேற்காகத் திரும்பியதும் விமானங்களின் வழியும் திரும்பியது. கிழக்கே இருப்பது எது? சிகாகோ. அதுவரை அமைதியாக இருந்த, சிகாகோ நகர எல்லைக்கு உட்பட்ட வடமேற்குப் பகுதிகளின் கூரைகள்மேல் ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் இறங்கத் தொடங்கின. ஒலி பற்றிய முறையீடுகள் பன்மடங்காயின. இரவில் உறங்க முடியவில்லை என்று சிகாகோவின் வாக்காளர்கள் தங்கள் வார்டு உறுப்பினர்களை முற்றுகையிட்டனர். குடிமக்கள் கூட்டமைப்பு ஒன்று அதே ஆண்டில் உருவானது. ஓடுபாதைகளை இரவில் சுழற்சி முறையில் பயன்படுத்தும் சோதனைகள் பின்னர் வந்தன. பென்சன்வில் மன்றம் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொற்கள் சிகாகோ நகர மன்றத்திலேயே ஒலித்தன. இம்முறை சொன்னவர்கள் விமான நிலையத்தின் உரிமையாளர்கள். ஆதலால் செவிமடுக்க ஆள் இருந்தது.

இரண்டு இடுகாடுகள் என்று முன்னே சொன்னோம். இரண்டாவதின் பெயர் ரெஸ்ட் ஹேவன். இளைப்பாறும் துறை என்று தமிழாக்கலாம். அதன் நிர்வாகிகளும் ஊர்களோடு சேர்ந்து வழக்காடியவர்களே. அவர்களும் வழக்கில் வெல்லவில்லை. திட்டத்தைத் திருத்தியபோது அந்தத் துண்டு நிலம் தேவைப்படாது என்று தெரியவந்தது. சிகாகோ அதை எடுக்காமல் விட்டுவிட்டது. சில ஏக்கர் அளவே உள்ள அந்த இடுகாடு, விமான நிலையத்தின் சரக்குக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.